தீர்ப்பை எதிர்நோக்கிய திலகர்

பொன்னின் மாற்றை உரைகல் காட்டும். மாந்தரின் திண்மையை இடுக்கண் காட்டும். செல்வமும் சுற்றமும் சூழ்ந்திருக்குங்கால் இன்முகம் காட்டுதல் எவர்க்கும் எளிது. தம் வாழ்வு எப்பக்கம் சாயுமோ என்று பிறர் வாய்ச்சொல்லை எதிர்நோக்கி நிற்கும் வேளையிற் கலங்காதிருத்தல் ஒரு சிலர்க்கே இயல்வதாகும். திருவள்ளுவர் இடுக்கண் அழியாமை என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அவ்வதிகாரத்திற்கு இலக்கியமாய் வாழ்ந்தவர்களுள் ஒருவர் லோகமான்ய பால கங்காதர திலகர். 1908ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22ஆம் நாள் இரவு, பம்பாய் உயர்நீதிமன்றத்தில் அவர் ஜூரர்களின் முடிவை எதிர்நோக்கியிருந்த நேரம் நம் நாட்டு விடுதலை வரலாற்றில் மறக்கவொண்ணாததாகும். அந்நேரத்தின் அருமையை உணர வேண்டுமாயின், அதற்கு முன் அவர் வாழ்ந்த வாழ்வை நாம் முதற்கண் அறிதல் வேண்டும்.

மராட்டிய நாட்டின் மேலைக் கடற்கரையில் உள்ளது இரத்தினகிரி என்னும் ஊர். அவ்வூரில் 1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 23ஆம் நாள் திலகர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கேசவர் என்பது. எனினும், பால் என்று அழைத்த செல்லப் பெயரே நிலைத்துவிட்டது. தந்தையார் கங்காதர பந்த், பள்ளி ஆசிரியர். வடமொழியிலும் கணிதத்திலும் வல்லவர். தாயார் பார்வதிபாய். தந்தையார் 1866ஆம் ஆண்டில் பூனா நகருக்கு மாற்றப்பட, குடும்பமும் அங்குக் குடியேறியது. அங்குச் சென்ற சிறிது காலத்தில் தாயார் இறந்தார். பதினாறாம் வயதில் திலகர் தந்தையாரையும் இழந்தார். தந்தை விட்டுச்சென்ற பெருஞ்செல்வம் வடமொழிப் பயிற்சியும் கணித அறிவுமே.

அவர் பள்ளியிற் படித்த நாளில் நிகழ்ந்ததாக ஒரு செய்தி வழிவழியாகக் கூறப்பட்டு வருகின்றது. ஒருநாள் வகுப்பறையில் வேர்க்கடலைத் தோல் சிதறிக் கிடந்தது. சினங்கொண்ட ஆசிரியர் மாணவர் அனைவரையும் தண்டிக்க முற்பட்டு, தோலைப் பொறுக்குமாறு ஆணையிட்டார். சிறுவர் திலகர் மட்டும் எழவில்லை. தாம் கடலை தின்னவில்லை என்றும், ஆதலின் தோலைப் பொறுக்குதற்கில்லை என்றும் அடக்கமாகவும் உறுதியாகவும் கூறிவிட்டுத் தம் நூல்களை எடுத்துக்கொண்டு வெளியேறினாராம். செய்யாத குற்றத்தைச் செய்ததாக ஏற்றுக்கொள்வதினும் தண்டனையை ஏற்பது மேல் என்னும் கொள்கை அவரிடம் இளமையிலேயே வேரூன்றியிருந்தது. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்னும் பழமொழி பொய்யாமோ!

திலகர் பூனாவிலுள்ள தக்காணக் கல்லூரியிற் சேர்ந்தார். அப்பொழுது அவர் உடல் மெலிந்திருந்தது. வலிமையற்ற உடலை வைத்துக்கொண்டு அரும்பணி ஆற்றல் இயலாது என்று உணர்ந்து, முதல் ஆண்டில் உடற்பயிற்சியையே தலையாய கடமையாக மேற்கொண்டார். நாள்தோறும் தேகப்பயிற்சி செய்தார், நீந்தினார். அவ்வாண்டிற் பெற்ற உடலுறுதியே பிற்காலத்திற் சிறைவாழ்வைத் தாங்க அவருக்குத் துணைநின்றது. 1877ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். 1879ஆம் ஆண்டிற் சட்டத் தேர்விலும் வென்றார். அக்காலத்திற் சட்டம் பயின்றோர்க்கு அரசாங்க உத்தியோகமும் வக்கீல் தொழிலும் எளிதிற் கிட்டின. திலகர் இரண்டனையும் நாடவில்லை. மக்கள் கல்வி பெற்றாலன்றி நாடு தலைநிமிராது என்று எண்ணி, விஷ்ணு சாஸ்திரி சிப்ளூங்கர், அகர்க்கர் முதலிய நண்பரோடு கூடி 1880ஆம் ஆண்டில் ஒரு புதிய பள்ளியைத் தொடங்கினார். அம்முயற்சியே வளர்ந்து, 1885ஆம் ஆண்டிற் பெர்குசன் கல்லூரியாக மலர்ந்தது.

பள்ளியிற் பயில்வோர் சிலரே. பள்ளிக்கு வெளியே இருப்போர் பல்லாயிரவர். அவர்க்கும் அறிவூட்ட வேண்டுமன்றோ? அதன்பொருட்டு 1881ஆம் ஆண்டில் இரண்டு கிழமை இதழ்கள் தோன்றின. மராட்டி மொழியில் வெளிவந்தது ‘கேசரி’. ஆங்கிலத்தில் வெளிவந்தது ‘மராட்டா’. கேசரி என்பது சிங்கம் எனப் பொருள்படும். பெயருக்கேற்ப அவ்விதழ் அஞ்சாது முழங்கிற்று. கோலாப்பூர் சமஸ்தானத்தைப் பற்றி எழுதிய செய்திகளுக்காக 1882ஆம் ஆண்டில் திலகரும் அகர்க்கரும் அவதூறு வழக்கில் நான்கு திங்கள் சிறைத்தண்டனை பெற்றனர். எழுதுகோல் பிடித்த கைக்குச் சிறைக்கதவு தொலைவிலில்லை என்பதைத் திலகர் தம் இருபத்தாறாம் வயதிலேயே அறிந்துகொண்டார்.

மக்களை ஒன்றுகூட்டும் வகையில் 1893ஆம் ஆண்டு முதல் விநாயகர் விழாவைப் பொதுவிழாவாக நடத்தினார். பின்னர்ச் சிவாஜி விழாவையும் தொடங்கினார். 1896ஆம் ஆண்டின் இறுதியிற் பம்பாயிலும் அடுத்துப் பூனாவிலும் கொள்ளைநோய் பரவிற்று. செல்வரும் தலைவரும் ஊரைவிட்டு நீங்கினர். திலகர் நீங்கவில்லை, நோயுற்றோர்க்கு மருத்துவமனை அமைப்பதில் ஈடுபட்டார். நோயைத் தடுக்க அரசாங்கம் மேற்கொண்ட முறைகள் மிகக் கடுமையாயிருந்தன. படைவீரர் வீடுதோறும் புகுந்து சோதனையிட்டதால் மக்கள் மனம் புண்பட்டது. 1897ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் இரவு ராண்டு என்னும் அதிகாரி சுடப்பட்டார். அக்கொலைக்கும் திலகருக்கும் யாதொரு தொடர்பும் காணப்படவில்லை. ஆயினும் ‘கேசரி’யின் எழுத்துக்கள் மக்களைத் தூண்டின என்று கூறி, அரசாங்கம் அவர்மீது இராஜத்துரோக வழக்குத் தொடுத்தது.

இவ்விடத்தில் ஜூரி முறையைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். அக்காலத்தில் உயர்நீதிமன்றம் விசாரித்த குற்றவழக்குகளில், நீதிபதியோடு பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்பது ஜூரர் அமர்வர். சட்டம் இன்னது என்று கூறுதல் நீதிபதியின் கடமை. குற்றம் நிகழ்ந்ததா இல்லையா என்று துணிதல் ஜூரரின் கடமை. விசாரணை முடிந்ததும் ஜூரர் ஒரு தனியறைக்குச் சென்று தமக்குள் ஆராய்ந்து, பின்னர் அவைக்கு மீண்டு தம் முடிவைக் கூறுவர். ஒன்பதின்மரும் ஒருமனப்படாவிடினும், அறுவரேனும் ஒரு கருத்தினராயிருந்து நீதிபதியும் அதற்கு இசைவாராயின், அதுவே தீர்ப்பாகும். 1897ஆம் ஆண்டு வழக்கில் ஜூரருள் அறுவர் ஐரோப்பியர், மூவர் இந்தியர். திலகர் குற்றவாளி என்றோர் அறுவர். அல்லர் என்றோர் மூவர். அறுவருள் ஒருவர் மாறியிருந்தால் அத்தீர்ப்பு நின்றிராது. பதினெட்டுத் திங்கள் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. திலகரின் வடமொழிப் புலமையை அறிந்த மாக்ஸ் முல்லர் முதலிய அறிஞர் அவரை விடுவிக்குமாறு வேண்டிக்கொண்டனர். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 1898ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் விடுதலை பெற்றார்.

ஆண்டுகள் பல உருண்டன. 1905ஆம் ஆண்டில் வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அதனால் எழுந்த சுதேசிக் கிளர்ச்சி நாடெங்கும் பரவிற்று. தமிழ்நாட்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளை, பாரதியார் முதலியோர் திலகரைத் தம் தலைவராகக் கொண்டு போற்றினர். 1907ஆம் ஆண்டு சூரத்தில் நடந்த காங்கிரசுக்கும் சென்று அவர் பக்கம் நின்றனர். 1908ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் முசபர்பூரில் வெடிகுண்டு வீசப்பட்டு, ஆங்கிலப் பெண்டிர் இருவர் உயிரிழந்தனர். அதனைக் குறித்துத் திலகர் ‘கேசரி’யிற் கட்டுரைகள் எழுதினார். வெடிகுண்டுச் செயலை அவர் பாராட்டவில்லை. ஆனால், அடக்குமுறையே இத்தகைய செயல்களுக்கு வித்து என்றும், மக்களுக்கு உரிமை வழங்குதலே உற்ற மருந்து என்றும் எடுத்துரைத்தார். மே 12ஆம் நாளும் ஜூன் 9ஆம் நாளும் வெளிவந்த இரண்டு கட்டுரைகளைக் காரணமாகக் காட்டி, ஜூன் 24ஆம் நாள் பம்பாயில் அவரைக் கைதுசெய்தனர்.

அவரை ஜாமீனில் விடுமாறு முகம்மது அலி ஜின்னா என்னும் இளம் பாரிஸ்டர் வாதாடினார். நீதிபதி தாவர் மறுத்துவிட்டார். 1897ஆம் ஆண்டில் இதே தாவர் பாரிஸ்டராயிருந்து, திலகருக்காக வாதாடி ஜாமீன் பெற்றுத் தந்தவர்! பதினோராண்டுகளில் இருவரும் வெவ்வேறு இடங்களை அடைந்திருந்தனர். ஒருவர் நீதிபதியின் இருக்கையிலும், மற்றவர் குற்றவாளிக் கூண்டிலும்.

ஜூலை 13ஆம் நாள் விசாரணை தொடங்கிற்று. இம்முறை ஜூரர் ஒன்பதின்மருள் எழுவர் ஐரோப்பியர், இருவர் பார்சியர். வழக்கிற்குரிய கட்டுரைகளோ மராட்டி மொழியில் அமைந்தவை. அம்மொழியை அறியாதார் அவற்றை ஆங்கில மொழிபெயர்ப்பிலேயே காண வேண்டியிருந்தது. ஒரு சொல்லுக்கு ஒரு மொழியில் உள்ள நயம் வேறு. அதனைப் பெயர்க்குங்கால் மற்றொரு மொழியில் அது பெறும் வேகம் வேறு. வருந்திக் கூறியது வன்மமாகவும், எச்சரிக்கை அச்சுறுத்தலாகவும் மாறிவிடக்கூடும். இதனை நன்குணர்ந்த திலகர், அரசாங்க மொழிபெயர்ப்பாளரைக் கூண்டில் நிறுத்திச் சொல் சொல்லாக வினவினார். இன்ன சொல்லுக்கு இன்ன பொருளும் உண்டன்றோ என்று அகராதிகளைக் கொண்டு கேட்டார். ஒரு மனிதரின் ஆறாண்டு வாழ்வு சில சொற்களின் பொருளிலே தொங்கிக்கொண்டிருந்தது. மொழியைப் பிழையறக் கற்க வேண்டுவதன் இன்றியமையாமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

தம் வழக்கைத் திலகர் தாமே நடத்தினார். ஆறு நாட்களில் இருபத்தொரு மணி நேரத்திற்கு மேல் பேசினார். அப்பொழுது அவர் நீரிழிவு நோயால் துன்புற்றிருந்தார். இருந்தும் சட்ட நூல்களையும் முந்தைய தீர்ப்புக்களையும் அடுக்கடுக்காக எடுத்துக்காட்டினார். இங்கிலாந்தில் பத்திரிகையின் உரிமையைப் பாதுகாத்தவர் ஜூரரே என்பதை நினைவூட்டினார். இரக்கம் காட்டுமாறு ஓரிடத்தும் அவர் வேண்டவில்லை. தமக்காகக் கேட்கவில்லை என்றும், தாம் மேற்கொண்ட கொள்கைக்காகவே கேட்பதாகவும், ஒன்பதின்மருள் ஒருவரேனும் தம் பக்கம் நியாயம் உண்டு என்று உணர்ந்தால் அதுவே தமக்கு ஆறுதல் என்றும் கூறினார்.

ஜூலை 22ஆம் நாள் பிற்பகலில் அவர் பேச்சு முடிவுற்றது. அரசாங்கத் தரப்பு வக்கீல் மறுமொழி கூறினார். மாலையாயிற்று. மறுநாளைக்கு ஒத்திவைக்கப்படும் என்றே பலரும் எண்ணினர். நீதிபதியோ அன்றிரவே வழக்கை முடிக்க உறுதிகொண்டு, ஜூரருக்கு வழக்கின் சுருக்கத்தை எடுத்துரைக்கலானார். அவ்வுரை திலகருக்கு மாறாகவே அமைந்தது. இரவு எட்டு மணி கடந்து மூன்று நிமிடம் ஆனபொழுது ஜூரர் ஒன்பதின்மரும் எழுந்து தனியறைக்குச் சென்றனர்.

அறைக்கதவு மூடியது. அவையில் அமைதி நிலவிற்று. பேசவேண்டியன யாவும் பேசி முடிந்தன. இனிச் செய்யத்தக்கது காத்திருத்தல் ஒன்றே. வாதாடுங்கால் நாவிற்கு வேலையுண்டு. போராடுங்கால் கைக்கு வேலையுண்டு. காத்திருக்குங்காலோ மனத்திற்கு மட்டுமே வேலை. அஞ்சும் மனம் ஒரு நொடிக்குள் ஆயிரம் துன்பங்களைக் கற்பித்துக்கொள்ளும். ஜூரர் விரைவில் வந்தால் என்ன பொருள், தாழ்த்தால் என்ன பொருள் என்று எண்ணி எண்ணிச் சோரும். திலகரின் நண்பர்களின் நெஞ்சம் அவ்வாறுதான் அலைந்திருக்கும்.

திலகருக்கு எண்ணிக் கலங்கக் காரணங்கள் இல்லாமற்போகவில்லை. வயதோ மறுநாள் ஐம்பத்திரண்டு நிறைவதாயிருந்தது. உடலில் நோய், பூனாவில் மனைவியும் மக்களும், எழுதத் திட்டமிட்ட நூல்கள் பல. சிறையென்பது இன்னதென்று முன்னரே இருமுறை நுகர்ந்தறிந்தவர். குற்றவாளி என்று ஜூரர் கூறின், நீண்டகாலம் நாடுகடத்தப்படுதலும் கூடும் என்பதைச் சட்டம் கற்ற அவர் அறிவார். அந்த ஜூலைத் திங்களின் 7ஆம் நாளில்தான் திருநெல்வேலியில் சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. காலம் எத்தகையது என்பதை அது காட்டிற்று. இத்தனையும் தெரிந்திருந்தும், திலகரின் முகம் வாடவில்லை. தாம் செய்யத்தக்கதைச் செய்து முடித்தோம் என்னும் நிறைவு, விளைவைப் பற்றிய அச்சத்தை வென்றுவிட்டது.

ஒன்பது மணி அடித்தது. மேலும் இருபது நிமிடம் சென்றபின் கதவு திறந்தது. ஜூரர் வரிசையாக வந்து தம் இடத்தில் அமர்ந்தனர். அவர்தம் தலைவர் எழுந்தார். குற்றச்சாட்டுக்கள் மூன்றிலும் திலகர் குற்றவாளி என்று எழுவரும், குற்றவாளி அல்லர் என்று இருவரும் கருதுவதாக அறிவித்தார். நீதிபதி எழுவரின் முடிவை ஏற்றார். தண்டனை விதிப்பதற்கு முன், திலகர் ஏதேனும் கூற விரும்புகின்றாரா என்று வினவினார்.

திலகர் நிமிர்ந்து நின்றார். ஜூரரின் முடிவு எவ்வாறாயினும் தாம் குற்றமற்றவரே என்றார். உலக நடப்பை ஆளும் மேலான ஆற்றல் ஒன்றுண்டு என்றும், தாம் வெளியே இருப்பதினும் துன்புறுவதாலேயே தம் கொள்கை தழைக்க வேண்டும் என்பது இறைவன் திருவுள்ளமாக இருக்கலாம் என்றும் மொழிந்தார். அவ்வளவே. சினமும் இல்லை, புலம்பலும் இல்லை, எவர்மீதும் பழிச்சொல்லும் இல்லை. கடலைத்தோலைப் பொறுக்க மறுத்த அச்சிறுவரின் உறுதி, ஐம்பத்திரண்டாம் வயதிலும் சிறிதும் தளராது நின்றது.

நீதிபதி ஆறாண்டு நாடுகடத்தலும் ஆயிரம் ரூபாய் அபராதமும் விதித்தார். அன்றிரவே காவலர் திலகரை வெளியேற்றி, தனி இரயிலில் ஆமதாபாத்திற்குக் கொண்டுசென்றனர். அவர் பிறந்தநாள் காவலில் விடிந்தது.

செய்தி கேட்ட பம்பாய் நகரம் கொதித்தது. ஆலைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். ஓராண்டுத் தண்டனைக்கு ஒருநாள் என்ற கணக்கில் ஆறு நாள் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. துப்பாக்கிக் குண்டுக்கும் பலர் இரையாயினர். எழுத்தறியாத எளிய தொழிலாளரும் எழுதியதற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவர் பொருட்டுத் தம் கூலியை இழக்க முன்வந்தனர்.

நாடுகடத்தல் தண்டனை பின்னர் வெறுங்காவலாக மாற்றப்பட்டது. பர்மா நாட்டு மாந்தலைச் சிறையில், மரத்தால் அமைந்த ஓர் அறையில் திலகர் ஆறாண்டைக் கழித்தார். கோடையில் வெயிலும் குளிரில் வாடையும் அவ்வறையில் தடையின்றிப் புகுந்தன. அங்கும் அவர் வாளா இருந்தாரல்லர். ஜெர்மன், பிரெஞ்சு, பாலி மொழிகளைக் கற்றார். மையும் பேனாவும் மறுக்கப்பட்டமையால், பென்சிலைக் கொண்டே ‘கீதா ரகசியம்’ என்னும் பெருநூலை எழுதினார். 1910ஆம் ஆண்டு குளிர்காலத்தில் தொடங்கிச் சில திங்களில் எழுதி முடித்த அந்நூல் 1915ஆம் ஆண்டில் வெளிவந்தது. விளைவைக் கருதாது கடமையைச் செய்க என்பதே அந்நூலின் சாரமாகும். அன்றிரவு நீதிமன்றத்தில் தாம் வாழ்ந்து காட்டியதையே அவர் பின்னர் நூலாக வடித்தார் எனலாம். 1912ஆம் ஆண்டில் மனைவியார் பூனாவில் இறந்தார். அச்செய்தியையும் அவர் சிறையிலேயே தனித்திருந்து தாங்கினார்.

1914ஆம் ஆண்டு ஜூனில் விடுதலை பெற்ற திலகர், 1916ஆம் ஆண்டில் தன்னாட்சி இயக்கத்தைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே அவர்மீது மீண்டும் வழக்குத் தொடரப்பட்டது. அம்முறையும் ஜின்னாவே வாதாடினார்; உயர்நீதிமன்றத்தில் திலகர் வென்றார். 1920ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் பம்பாயில் அவர் மறைந்தார். கடல்போற் பெருகிய மக்கள் வெள்ளம் சௌபாத்திக் கடற்கரைவரை அவர் உடலைத் தொடர்ந்து சென்றது.

காலம் மாறிற்று. நாடு விடுதலை பெற்றது. ஜூரி முறையும் நம் நாட்டில் மெல்ல மெல்ல வழக்கொழிந்தது; 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. திலகரைக் குற்றவாளி என்று கூறிய பம்பாய் உயர்நீதிமன்றத்திலேயே, 1956ஆம் ஆண்டில், தீர்ப்பைக் கேட்டபின் அவர் மொழிந்த சொற்கள் கல்லிற் பொறிக்கப்பட்டன. தலைமை நீதிபதி சாக்ளா அக்கல்லைத் திறந்துவைத்தார். அந்த எழுவர் இன்னார் என்று இன்று நினைவுகூர்வார் இலர். அவர் தீர்ப்பைக் கேட்டுக் கலங்காது நின்றவரை நினையாதாரும் இலர்.

மாணவர்களே! வாழ்க்கையில் நாம் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு முடிவை எதிர்நோக்கிக் காத்திருக்கும் வேளை வரும். அம்முடிவு நம் கையில் இல்லாதிருக்கலாம். அதற்கு முன் நாம் செய்யும் கடமையும், அதனைக் கேட்டபின் நாம் நிற்கும் நிலையும் நம் கையில் உள்ளவை. இவ்விரண்டிலும் திலகர் நமக்கு வழிகாட்டியாய் விளங்குகின்றார்.